காது டாக்டருக்கும் "எட்டு" போட ஒரு இடம் வேண்டும்!

ஸ்கூட்டர் ஓட்ட லைசென்சு வேண்டுமா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் "எட்டு" போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் போச்சு! "போய் இன்னும் பழகிட்டு வாப்பா" என்று பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பி விடுவார்.

ரோட்டில் வண்டி ஓட்டுவதற்கே இவ்வளவு கண்டிப்பு. மனிதனின் தலை எலும்பை டிரில் வைத்துக் குடையும் காது டாக்டருக்கு "எட்டு" போடும் மைதானம் எது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பதில் தெரிய வேண்டியவர்கள் நிறையப் பேர். அரசு ஆஸ்பத்திரிக் காது-மூக்கு-தொண்டை பிரிவின் வாசலில் காலையிலேயே வந்து வரிசையில் நிற்கும் ஏழை ஜனங்கள்தான் அவர்கள்.

காதில் பஞ்சு, கையில் சீட்டு

அந்த வரிசையைப் பார்த்தாலே விஷயம் புரியும். காதில் பஞ்சு வைத்த பையன். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்ட தாய். ஷிப்டு முடிந்து தூங்காமல் வந்த தொழிலாளி.

"சின்ன வயசுல இருந்தே சீழ் வடியுதுங்க. தானா நின்னுடும்னு விட்டுட்டோம்" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் கதை. நடுவில் எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். ஊக்கு, தீக்குச்சி, வண்டிச் சாவி எல்லாம் காதுக்குள் போய் வந்திருக்கும்.

சீழ் வடியும் காதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செவிப்பறையில் ஓட்டை. இதை மேல்தோலுக்கு அடியில் இருந்து எடுக்கும் மெல்லிய சவ்வை வைத்து அடைத்து விடலாம்.

இன்னொன்று ஆபத்தானது. தோல் உள்பக்கமாக வளர்ந்து, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காகச் சேர்ந்து, சுற்றி இருக்கும் எலும்பை அரித்துத் தின்னும். டாக்டர்கள் இதை "கொலஸ்டியடோமா" என்கிறார்கள். நாற்றமடிக்கும் சீழ் இதன் அடையாளம். கவனிக்காமல் விட்டால் மூளைக் காய்ச்சல் வரலாம். மூளையில் சீழ்க்கட்டி வரலாம். உயிருக்கே உலை!

இதற்கு சொட்டு மருந்து போதாது. ஆபரேஷன்தான் வழி. அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லி விட வேண்டும். காது ஆபரேஷன் என்றதும் பயந்து ஓடக்கூடாது. அது உயிர் காக்கும் ஆபரேஷன். கேள்வி எல்லாம், அதைச் செய்யும் கை எங்கே பழகியது என்பதுதான்.

அரை அரிசி அளவு எலும்பு!

காது ஆபரேஷன் மற்ற ஆபரேஷன் மாதிரி இல்லை. வயிற்றைத் திறந்தால் கையை விட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. காதில் விரல் நுனி கூட நுழையாது.

செவிப்பறையின் அகலமே சுமார் 1 சென்டி மீட்டர்தான். அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். அங்கவடிதான் மனித உடம்பிலேயே சின்ன எலும்பு. உயரம் சுமார் 3 மில்லி மீட்டர். அரிசியைப் பாதியாக உடைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான்!

இவை எல்லாம் கன்னப்பொட்டில் உள்ள எலும்புக்குள் இருக்கின்றன. அந்தப் பொட்டெலும்பு ஒரு சின்னக் கோட்டை. கூரையில் மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேலே மூளை! பின்பக்கம், மூளையில் இருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய ரத்தக் குழாய். உள்ளே, நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட கேட்கும் உறுப்பு. பக்கத்திலேயே, தலை சுற்றாமல் உடம்பை நிறுத்தி வைக்கும் மூன்று அரை வளையங்கள்.

இவற்றின் நடுவே, எலும்புக் குழாய்க்குள் வளைந்து நெளிந்து போகிறது முக நரம்பு. சிரிப்பது, கண்ணை மூடுவது, உதட்டைக் குவிப்பது எல்லாம் இந்த நரம்பின் வேலை.

டிரில் ஒரு நொடி தவறி அதில் பட்டால்? பாதி முகம் செத்துப் போகும். ஒரு கண் மூடாது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குடித்தால் கடைவாயில் வழியும்.

பழகிய கையில் இப்படி நடப்பது அபூர்வம். ஆனால் நடந்தவருக்கு அது அபூர்வம் அல்ல, ஆயுள் முழுக்க. தெருமுனையில் பூ விற்கும் அம்மா முகத்தை மூடிக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா? கண்டக்டர் விசில் ஊத முடியுமா? கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் கதி?

உளியில் இருந்து டிரில்லுக்கு

ஒரு காலத்தில் காது ஆபரேஷன் தச்சு வேலை மாதிரிதான் நடந்தது. 1873-ம் ஆண்டு ஜெர்மனி டாக்டர் ஹெர்மன் ஷ்வார்ட்சே, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையை ஒழுங்குபடுத்திச் சொன்னார். கருவிகள்? உளியும் சுத்தியலும்!

1921-ல் சுவீடன் நாட்டு டாக்டர் நைலேன், முதன்முதலாக மைக்ராஸ்கோப் வைத்துக் காது ஆபரேஷன் செய்தார். 1930-களில் நியூயார்க் டாக்டர் ஜூலியஸ் லெம்பர்ட், பல் டாக்டரின் டிரில்லைக் காதுக்குக் கொண்டு வந்தார். 1953-ல் ஜெர்மனியின் சைஸ் கம்பெனி, ஆபரேஷனுக்கென்றே ஒரு மைக்ராஸ்கோப்பை விற்பனைக்கு விட்டது.

அதன் பிறகு வேகம்தான். 1956-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ஷியா, இறுகிப் போன அங்கவடி எலும்பை எடுத்து விட்டு, செயற்கையாக ஒன்றை வைத்து ஒரு பெண்ணைக் கேட்க வைத்தார். 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டாக்டர் வில்லியம் ஹவுஸ், காது நரம்புக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியைப் பொருத்தினார். இவர் முதலில் பல் டாக்டருக்குப் படித்தவர்!

கருவிகள் மாறியபோது இன்னொன்றும் மாறியது. வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளும் காலம் போய் விட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் ஒருவர். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது பாதிதான். டி.வி. திரையில் பார்க்கலாம். ஆனால் திரையைப் பார்த்தால் கை பழகுமா? சமையல் நிகழ்ச்சி பார்ப்பவர்கள் எல்லாம் பிரியாணி மாஸ்டர் ஆகி விடுவார்களா?

அதனால்தான் இறந்தவர்களின் பொட்டெலும்பில் பழகும் பயிற்சி உலகம் முழுவதும் பரவியது. வில்லியம் ஹவுசின் அண்ணன் டாக்டர் ஹோவர்ட் ஹவுஸ் 1946-ல் லாஸ் ஏஞ்சல்சில் தொடங்கிய காது ஆராய்ச்சி நிலையத்துக்கு, பல நாட்டு டாக்டர்கள் போய் உட்கார்ந்து எலும்பு குடைந்து கற்றார்கள்.

பயிற்சி எப்படி?

பயிற்சிக்கூடம் என்றால் பெரிய மாளிகை தேவை இல்லை. ஒரு மேஜை. ஒரு மைக்ராஸ்கோப். ஒரு டிரில். தண்ணீர் ஊற்றவும் உறிஞ்சவும் குழாய். எலும்பை ஆடாமல் பிடிக்க ஒரு கிண்ணம். இவ்வளவுதான். எலும்புத் தூள் பறக்கும் என்பதால் முகமூடி, கண்ணாடி, கையுறை கட்டாயம்.

முதலில் பெரிய முனை வைத்து மேலே உள்ள கெட்டி எலும்பைக் குடைய வேண்டும். கூரைத் தகட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் ரத்தக் குழாயை மூடியிருக்கும் எலும்பைக் கண்டுபிடிக்க வேண்டும். நெருங்க நெருங்க நிறம் மாறும். டிரில் சத்தமும் மாறும். அந்த நிறமும் சத்தமும் புஸ்தகத்தில் கிடையாது!

பிறகு உள்ளே ஒரு காற்றறை. அதன் தரையில் வெள்ளையாகப் பளபளக்கும் அரை வளைய எலும்பு. அதுதான் மைல் கல். அதையும் பட்டடை எலும்பின் சின்ன முனையையும் அடையாளம் வைத்துத்தான் முக நரம்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நரம்புக்குப் பக்கத்தில் போனதும் வெட்டும் முனையைக் கழற்றி விட்டு, வைர முனை மாட்ட வேண்டும். நரம்பு போகும் திசையிலேயே டிரில்லை ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக்கூடாது. தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால், டிரில் சூட்டிலேயே நரம்பு வெந்து போகும்.

எலும்பில் பழகும்போது முக நரம்பு அறுந்தால் என்ன ஆகும்? வாத்தியார் திட்டுவார். "இன்னொரு எலும்பு எடு" என்பார். அவ்வளவுதான். யாருடைய வாயும் கோணாது. தப்பு செய்ய அனுமதி உள்ள ஒரே இடம் அதுதான்!

குழந்தைகள் விஷயம்

பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். தமிழ்நாட்டில் முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு இது இலவசமாகச் செய்யப்படுகிறது. கருவியின் விலையே லட்சக்கணக்கில். அரசுக்கு இதற்காகப் பாராட்டு.

இந்த ஆபரேஷனில் டாக்டர் டிரில் ஓட்டும் இடம் எது தெரியுமா? ஒரு பக்கம் முக நரம்பு. மறுபக்கம் நாக்குக்கு ருசி சொல்லும் நரம்பு. நடுவில் சில மில்லி மீட்டர் ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்துதான் கருவியின் கம்பியை நத்தை எலும்புக்குள் நுழைக்க வேண்டும். நோயாளியோ, இன்னும் பேசத் தெரியாத குழந்தை!

இந்த ஆபரேஷனைப் பெரிய டாக்டர்கள்தான் செய்கிறார்கள். நல்லது. ஆனால் அவர்கள் ரிட்டையர் ஆன பிறகு? இன்றைய மாணவர்தான் நாளைய பெரிய டாக்டர். அவர் கையை இன்றே பழக்க வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் சுமார் 150 கோடி பேருக்கு ஏதோ ஓர் அளவில் காது கேட்பதில் குறை இருக்கிறது. அவர்களில் சுமார் 43 கோடி பேருக்கு சிகிச்சையோ, கருவியோ, பயிற்சியோ தேவை. டாக்டர்கள் தேவை குறையப் போவதில்லை.

எலும்பு எங்கே?

காது-மூக்கு-தொண்டை மேல்படிப்பு மூன்று வருஷம். எலும்பு குடையும் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பேப்பரில் எல்லாம் சரி. ஆனால் மேஜை மேல் எலும்பு?

ஒரு உடலில் பொட்டெலும்பு இரண்டுதான். ஒரு எலும்பை முழுசாக ஒரு தடவைதான் குடைய முடியும். ஒரு மாணவர் கை பழக ஒன்று, இரண்டு போதாது. எலும்புத் தட்டுப்பாடு காது டாக்டர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வரும் புகார்.

1951-ம் ஆண்டின் உடற்கூறு சட்டப்படி, உரிமை கோர ஆள் இல்லாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த உடலைக் கல்லூரிகள் பொதுவாக எடுப்பதில்லை. வருகிற உடல்களை முதல் வருஷ மாணவர்களின் பாடத்துக்கும் பங்கு போட வேண்டும்.

வசதி உள்ளவர்களுக்கு வழி இருக்கிறது. தனியார் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டிப் போகலாம். இரண்டு, மூன்று நாளில் எலும்பு குடைந்து சர்டிபிகேட்டோடு திரும்பலாம். உதவித்தொகையை வீட்டுக்கு அனுப்பி விட்டு ஹாஸ்டல் சாப்பாட்டில் காலம் தள்ளும் மாணவர் என்ன செய்வார்?

அவர் பழகும் இடம், கடைசியில் ஆபரேஷன் தியேட்டர்தான். பக்கத்தில் சீனியர் நிற்பார். பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் எல்லாம் நல்லபடி முடியும். அந்த டாக்டர்கள் மேல் குற்றம் இல்லை. இருக்கிற வசதியில் இரவு பகலாக உழைக்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் முதல் தடவை டிரில் பிடிக்கும் கையின் நடுக்கம், மயக்கத்தில் படுத்திருக்கும் ஏழையின் தலையில் இறங்குவது நியாயமா? பணக்காரர் வீட்டுக் காது மட்டும் பழகிய கைக்குப் போக வேண்டுமா?

ஆட்டுத் தலையும் உதவும்

எலும்பு இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆட்டின் காது எலும்பிலும் பல நாடுகளில் பயிற்சி கொடுக்கிறார்கள். செவிப்பறை ஒட்டவும், குட்டி எலும்புகளைக் கையாளவும் இதில் பழகலாம். கறிக்கடையில் கிடைக்காத சரக்கா இது?

மனிதப் பொட்டெலும்பை ஸ்கேன் எடுத்து, பிளாஸ்டிக்கில் அதே மாதிரி அச்சடித்துக் கொடுக்கும் மிஷின் வந்து விட்டது. கையில் அதிர்வு தெரிகிற மாதிரி கம்ப்யூட்டரில் குடையும் வசதியும் வந்து விட்டது. ஆரம்பப் பாடத்துக்கு இவை போதும்.

ஆனால் ஆட்டுத் தலையில் வழி வேறு. பிளாஸ்டிக்கின் சத்தம் வேறு. கடைசிப் பரீட்சை மனித எலும்பில்தான். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

கண் தானம் தெரியும். இது?

கண் தானம் பற்றித் தமிழ்நாட்டில் பெட்டிக்கடைக்காரருக்கும் தெரியும். 2008-ல் ஹிதேந்திரன் என்ற மாணவரின் இதயம் போக, சென்னைத் தெருக்களில் போலீசார் வழி ஒதுக்கிக் கொடுத்ததை ஜனங்கள் மறக்கவில்லை. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்று 2023-ல் அறிவிப்பு வந்தது. நல்ல காரியம்.

உடல் தானம் மட்டும் இன்னும் ஓரமாகவே நிற்கிறது. "உடம்பை அறுப்பாங்களாமே" என்ற தயக்கம் இருக்கிறது. சடங்கு, சாங்கியம் என்ற கவலையும் இருக்கிறது. அதைக் கேலி செய்யக் கூடாது. பெற்ற தாயின் உடலைக் கல்லூரி வாசலில் விட்டு விட்டு வருவது லேசான காரியம் அல்ல.

ஆனால் நடப்பது என்ன என்று யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் மனசு மாறும். ஒருவர் கொடுக்கும் உடலில் இருந்து இரண்டு டாக்டர்கள் காது ஆபரேஷன் கற்கலாம். அந்த இரண்டு பேர் அடுத்த 30 வருஷத்தில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்வார்கள்? அத்தனை பேரின் முகத்திலும் கோணாமல் இருக்கும் சிரிப்பு, அந்த ஒருவர் கொடுத்த தானம்!

உடல் தானம் செய்ய விரும்புபவர் உயிரோடு இருக்கும்போதே, மருத்துவக் கல்லூரி உடற்கூறு துறையில் சாட்சிகளோடு எழுதிக் கொடுக்கலாம். வீட்டாரிடம் சொல்லி வைப்பதுதான் முக்கியம். ஏனென்றால், கடைசியில் தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். தாமதம் கூடாது. கண்ணைத் தானம் செய்து விட்டு உடலையும் கொடுக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

மேல்படிப்பு நடத்தும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் காது எலும்புப் பயிற்சிக்கூடம் இயங்க வேண்டும். "இருக்கிறது" என்று ரிஜிஸ்டரில் எழுதினால் போதாது. மைக்ராஸ்கோப் எங்காவது ரிப்பேராகி மூலையில் கிடந்தால், சரி செய்ய வேண்டும். சாவி எங்காவது பீரோவில் தூங்கினால், எழுப்ப வேண்டும்! தியேட்டர் வேலை முடிந்த பிறகுதான் மாணவருக்கு நேரம் கிடைக்கும். அதனால் சாயங்காலமும் கதவு திறந்திருக்க வேண்டும்.

எலும்பில் இத்தனை தடவை குடைந்தார், நரம்பைப் பத்திரமாகக் கண்டுபிடித்தார் என்று துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகே, மாணவர் கையில் உயிருள்ள நோயாளிக்கான டிரில்லைக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் காது டாக்டர்களையும் அழைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். பஸ் படியும் கொடுக்க வேண்டும்.

உடல் தானம் என்று கேட்டு வருபவரை "அந்த ரூமுக்குப் போங்க, இந்த ரூமுக்குப் போங்க" என்று அலைக்கழிக்கக் கூடாது. ஒரு மேஜை, ஒரு ஆள், இரவிலும் எடுக்கும் ஒரு போன், உடலைக் கொண்டு வர ஒரு வண்டி. இது பெரிய செலவா? உடல் தந்த குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு நாள், மாணவர்கள் நின்று நன்றி சொல்லட்டும்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. "யாருங்க ஆபரேஷன் பண்ணப்போறது?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது மரியாதைக் குறைவு அல்ல, உரிமை. நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

"எட்டு" போடாதவனுக்கு ரோட்டில் இடம் இல்லை என்று அரசு சொல்கிறது. சரி. அதே அரசு, காது டாக்டர்களுக்கு "எட்டு" போட மைதானம் கட்டிக் கொடுக்க வேண்டாமா?

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் அந்தப் பையனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் கையில் இருப்பது சீட்டு மட்டும். அதிகாரிகள் காதில் இது விழுமா?